கேட்டுப் பெறும் வரி, கேளாமல் எடுக்கும் வரி

"இயற்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், அதற்காக ஒரு ரூபாய் வரி கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள்." சுற்றுச்சூழல் குறித்த கருத்தரங்குகளில் நிதி என்ற சொல் எழுந்தவுடன் இந்த வாக்கியமும் எழும். சொல்பவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற அதிகாரியாகவோ பொருளாதாரப் பேராசிரியராகவோ இருப்பார். அவையும் தலையசைக்கும். ஆகவே மக்களைக் கேட்காமலேயே, அவர்கள் உணராத வகையில் நிதி திரட்டுவதுதான் நடைமுறை அறிவு என்ற முடிவுக்கு விவாதம் வந்து சேரும். பொது நிதி பற்றிப் படிப்பவன் என்ற முறையில் இந்த முடிவு தவறானது என்றே கருதுகிறேன். அதன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டும் இருக்கிறோம். சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் படித்துவிட்டு மறுக்கலாம்.

முதலில் சான்று. மக்களிடம் நேரடியாகக் கேட்டு நிலப் பாதுகாப்புக்கு வரி விதிக்கும் வழக்கம் மிகப் பரவலாக உள்ள நாடு அமெரிக்கா. அங்கே தேர்தல் நாளன்று வேட்பாளர் பெயர்களுடன் சில கேள்விகளும் வாக்குச்சீட்டில் இடம்பெறும். "இந்த ஊரின் ஆற்றங்கரையையும் காட்டையும் விலைக்கு வாங்கிப் பாதுகாக்க, விற்பனை வரியை இவ்வளவு உயர்த்தலாமா?" என்பது அத்தகைய கேள்விகளுள் ஒன்று. ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்க வேண்டும். டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பு 1988 முதல் நடந்த இத்தகைய வாக்கெடுப்புகளைத் தொகுத்து வருகிறது. மாநிலம், கவுன்டி, நகரம் என எல்லா மட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முன்மொழிவுகளை மக்கள் ஏற்றிருக்கிறார்கள். வரி என்ற சொல்லே தேர்தலில் தோற்கடிக்கும் என்று நம்பப்படும் நாட்டில் இது நடந்திருக்கிறது.

இதன் தொடக்கத்தைத் தேடினால் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகருக்குச் செல்ல வேண்டும். ராக்கி மலையின் அடிவாரத்தில் உள்ள இந்நகரில் 1950களில் வீடுகள் மலைச்சரிவில் ஏறத் தொடங்கின. பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஆல்பர்ட் பார்ட்லெட்டும் கணிதப் பேராசிரியர் ராபர்ட் மெக்கெல்வியும் ஊராரைத் திரட்டினர். 5,750 அடி உயரத்திற்கு மேல் நகராட்சி குடிநீர் வழங்காது என்ற விதியை 1959இல் மக்கள் வாக்களித்து நகரச் சாசனத்தில் சேர்த்தனர். ஆனால் விதியால் கட்டுமானத்தைத் தடுக்கலாமே தவிர நிலத்தைச் சொந்தமாக்க முடியாது. 1967இல் அடுத்த கேள்வி வாக்குச்சீட்டுக்கு வந்தது: திறந்தவெளி நிலங்களை வாங்க 0.40 சதவீத விற்பனை வரி. மக்கள் ஏற்றனர். இந்நோக்கத்திற்காகத் தம்மீது தாமே வரி விதித்துக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் என்று போல்டர் குறிப்பிடப்படுவது இதனால்தான். இன்று அந்நகரைச் சூழ்ந்து 45,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பொதுச் சொத்தாக உள்ளது.

போல்டர் படித்தவர்கள் நிறைந்த ஊர், அதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் மிசௌரியைப் பார்ப்போம். வேளாண் மாநிலம், பழமைவாத மனப்போக்கு மிகுந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள இயற்கை ஆர்வலர்கள் குளிர்பானத்தின் மீது வரி விதிக்கலாம் என்று இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினர். மனுவின் சட்ட வாசகத்தில் இருந்த ஒரு குறையால் அது வாக்குச்சீட்டையே எட்டவில்லை. அவர்கள் ஓயவில்லை. எட்டு டாலர் பொருளுக்கு ஒரு சென்ட் என்ற அளவில் விற்பனை வரி கேட்டு மீண்டும் மனுச் செய்தனர். 1976இல் நூற்றுக்கு ஐம்பதை மயிரிழையில் தாண்டி அது வென்றது.

அதே மாநிலத்தில் 1984இல் இன்னொரு வரி வந்தது. பூங்காக்களுக்குப் பாதி, வேளாண் நிலத்தின் மண்ணரிப்பைத் தடுக்கப் பாதி என்று பங்கிடப்பட்ட இந்த வரியும் மிகக் குறைந்த வேறுபாட்டில்தான் நிறைவேறியது. ஆனால் இதற்குக் காலவரம்பு உண்டு. 1988, 1996, 2006, 2016 எனக் குறித்த இடைவெளியில் மக்களிடம் திரும்பிச் சென்று, தொடரலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. 2016இல் சுமார் 80 சதவீதத்தினர் தொடரலாம் என்றனர். பாதிப்பேர் எதிர்த்த வரி, ஒரு தலைமுறைக்குப் பின் ஐவரில் நால்வரின் ஆதரவைப் பெற்றிருக்கிறது. மண் தங்கியதையும் பூங்கா திறந்திருந்ததையும் கண்ணால் கண்டவர்கள் அளித்த வாக்கு அது.

மின்னசோட்டாவின் கதை இன்னும் வியப்பானது. 2008 நவம்பர். வங்கிகள் சரிந்து, வேலைகள் பறிபோய்க்கொண்டிருந்த நேரம். விற்பனை வரியை ஒரு சதவீதத்தில் எட்டில் மூன்று பங்கு உயர்த்தி, 25 ஆண்டுகளுக்கு நீர்நிலை, காடு, சதுப்புநிலம், பூங்கா, கலை மரபு ஆகியவற்றுக்கு ஒதுக்கும் அரசமைப்புத் திருத்தம் வாக்குச்சீட்டில் இருந்தது. அம்மாநிலத்தில் திருத்தக் கேள்விக்கு விடையளிக்காமல் விட்டாலும் அது எதிர்ப்பு வாக்காகவே கொள்ளப்படும். இருந்தும் 56 சதவீத ஆதரவுடன் வென்றது. அதே நாளில் அம்மாநிலத்தில் வென்ற ஒபாமா பெற்றதைவிட இந்த வரி பெற்ற வாக்குகள் அதிகம்.

இந்த வாக்கெடுப்புகளில் என்ன பொதுவாக இருக்கிறது? பணம் எதற்கு என்பது கேள்வியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு என்பது சென்ட் கணக்கில் சொல்லப்படுகிறது. பெரும்பாலானவற்றில் எத்தனை ஆண்டுகளுக்கு என்ற வரம்பு உண்டு. செலவைக் கண்காணிக்கத் தனிக் கணக்கும் குழுவும் உண்டு. 2016 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுன்டிகளின் மக்கள், கரையோரச் சதுப்புநிலங்களை மீட்க மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 12 டாலர் வீதம் 20 ஆண்டுகள் செலுத்த இசைந்தனர். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. ஒன்பது கவுன்டிகளையும் சேர்த்துச் சுமார் 70 சதவீதம் கிடைத்தது. பன்னிரண்டு டாலர், இருபது ஆண்டு, இந்தக் கரை. இவ்வளவு தெளிவாகக் கேட்கும்போது மக்கள் விடை சொல்ல அஞ்சுவதில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

முதல் மறுப்பு, இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்பது. இதில் உண்மை உண்டு. வருவாயும் சொத்தும் மிகுந்த ஊர்களில்தான் இத்தகைய கேள்விகள் எளிதில் வாக்குச்சீட்டுக்கு வருகின்றன. விற்பனை வரியோ ஏழையின் வருவாயில் பெரும் பங்கை எடுக்கும் இயல்புடையது. விரிகுடாவின் 12 டாலரைச் சிறு வீட்டுக்காரரும் மாபெரும் நிறுவனத்தின் மனையும் ஒரே அளவில் செலுத்த வேண்டும். போல்டரில் நகரைச் சுற்றிய நிலம் விற்பனைக்கு இல்லாமற்போக, வீட்டு விலை உயர்ந்து, அங்கே உழைக்கும் பலர் வெளியூரிலிருந்து வந்து செல்ல வேண்டியதாயிற்று. பசுமையை ஒரு சாரார் அனுபவிக்க, அதன் செலவை இன்னொரு சாரார் பயணத்தில் கழிக்கிறார்கள்.

ஆனால் இவை வரியின் வடிவம் பற்றிய குறைகள். வடிவத்தை மாற்றலாம். மின்னசோட்டாவில் உணவுப் பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கும் உடைகளுக்கும் விற்பனை வரியே கிடையாது. மாசசூசெட்ஸ் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவான வழியைக் காட்டுகிறது. ஊர் மக்கள் வாக்களித்தால் சொத்து வரியின் மீது 3 சதவீதம் வரை மேல்வரி விதித்துக்கொள்ளலாம். குறைந்த வருவாயுள்ளோருக்கு விலக்கு அளிக்கலாம். மாநில அரசும் தன் பங்குக்கு ஒரு தொகை சேர்க்கும். திரளும் நிதியில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும், பத்தில் ஒரு பங்கு வரலாற்றுச் சின்னங்களுக்கும், பத்தில் ஒரு பங்கு எளியோர்க்கான வீட்டு வசதிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். நிலத்தைக் காப்பதும் கூரையைத் தருவதும் ஒரே பணப்பையிலிருந்து. பாஸ்டன் நகர மக்கள் இதை 2001இல் நிராகரித்தார்கள். 2016இல் பெரும் ஆதரவுடன் ஏற்றார்கள். மறுக்கும் உரிமை இருந்ததால்தான் அந்த ஏற்புக்கு மதிப்பு வந்தது.

இரண்டாவது மறுப்பு, மக்கள் வாக்களித்தாலும் ஆட்சியாளர்கள் பணத்தைத் திருப்பிவிடுவார்கள் என்பது. ஃபுளோரிடா இதற்குச் சான்று. 2014இல் சொத்துப் பத்திரங்களின் முத்திரை வரி வருவாயில் 33 சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு நிலப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் திருத்தத்தைச் சுமார் 75 சதவீத வாக்காளர்கள் ஆதரித்தார்கள். அதே தேர்தலில் குடியரசுக் கட்சி ஆளுநரையும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் சட்டமன்றம் அந்நிதியில் ஒரு பகுதியைத் துறைகளின் வழக்கமான செலவுகளுக்குப் பயன்படுத்தியது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2018இல் கீழமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2019இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. ஆகவே வாக்கெடுப்பு ஒரு மந்திரக்கோல் இல்லை. வாசகம் தளர்வாக இருந்தால் பணம் அதன் வழியே கசியும்.

ஆயினும் ஃபுளோரிடாவில் நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. அங்கே வழக்குத் தொடுக்க ஆட்கள் இருந்தார்கள். "இது நாங்கள் வாக்களித்துக் கொடுத்த பணம்" என்று சொல்வதற்கு ஒரு மக்கள்திரள் இருந்தது. இங்கிருந்துதான் நம் நாட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2010 ஜூலையில் ஒன்றிய அரசு நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் செஸ் விதித்தது. தூய எரிசக்திக்கு நிதி திரட்டுவது நோக்கம். அது 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாய் என்று உயர்ந்தது. "தூய சுற்றுச்சூழல் செஸ்" என்ற பெயரும் பெற்றது. ஒரு யூனிட் அனல் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 600 முதல் 700 கிராம் நிலக்கரி தேவை என்று கொண்டால், 400 ரூபாய் என்பது யூனிட்டுக்குக் கால் ரூபாய்ச் சுமை. நாட்டில் மின்விளக்கு எரியும் வீடெல்லாம் நேராகவோ மறைமுகமாகவோ இதைச் சுமந்தது. 2017-18 வரை திரண்ட தொகை சுமார் 86 ஆயிரம் கோடி ரூபாய். அதற்கென உருவாக்கப்பட்ட தேசியத் தூய எரிசக்தி நிதிக்கு மாற்றப்பட்டது 30 ஆயிரம் கோடிக்கும் குறைவு. அதிலும் திட்டங்களுக்குச் சென்றது ஏறத்தாழப் பாதியே. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இந்த செஸ் ஒழிக்கப்பட்டு, அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸாக உருமாறியது.

மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்வது அவசியமற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுற்றுச்சூழலுக்கென வாங்கப்பட்டு வந்த ஒரு வரி தன் நோக்கத்தையே இழந்தபோது, அதைச் செலுத்திய கோடிக்கணக்கானோரில் எத்தனை பேர் அறிந்தார்கள்? எங்கும் ஒரு ஊர்வலம் இல்லை, ஒரு கூட்டம் இல்லை. காரணம் எளிது. தாம் கொடுக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. உணராமல் வாங்குவதே நடைமுறை அறிவு என்று கருத்தரங்குகளில் சொல்கிறோமே, அந்த அறிவின் மறுபக்கம் இது. உணராமல் கொடுத்த பணம் உணராமலே போய்விடுகிறது. இத்துடன், செஸ்ஸும் கூடுதல் வரியும் மாநிலங்களுடன் பகிர வேண்டிய வரித்தொகுப்பில் சேர்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். மக்களும் கேட்பதில்லை, மாநிலங்களும் பங்கு கேட்க இயலாது.

ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியின் வரலாறும் இதற்குத் தொலைவில் இல்லை. அது வரியன்று, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுக்கும் நிறுவனங்கள் செலுத்தும் தொகை. கூடலூர்க் காடுகளைப் பற்றிய வழக்காகத் தொடங்கி நாடு முழுவதற்கும் விரிந்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைகளால் உருவானது. ஆண்டுக்கணக்கில் செலவிடப்படாமல் குவிந்து, 2016ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், 2019 ஆகஸ்டில் 47 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது. அச்சட்டம் மாநிலங்களவைக்கு வந்தபோது, கிராம சபையின் இசைவைக் கட்டாயமாக்க ஜெய்ராம் ரமேஷ் ஒரு திருத்தம் முன்மொழிந்தார். விதிகளில் பார்த்துக்கொள்வதாக அமைச்சர் உறுதியளித்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். எந்தக் காட்டின் ஓரத்தில் மரம் நடப்படுகிறதோ அந்தக் காட்டின் மக்களிடம் சட்டத்தின் வழியே ஒரு சொல் கேட்கும் வாய்ப்பு அங்கே நழுவியது.

இந்தியாவில் மக்கள் வரிக்கு இசைய மாட்டார்கள் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது? நாம் கேட்டதே இல்லை. கேளாத கேள்விக்கு விடை தெரிந்ததுபோல் பேசுகிறோம். நெருங்கிய எடுத்துக்காட்டு கேரளத்தின் வெள்ள செஸ். 2018 பெருவெள்ளத்திற்குப் பின், மறுகட்டமைப்புக்காக 2019 ஆகஸ்ட் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 1 சதவீதம் விதிக்கப்பட்டது. 2021 ஜூலை முடிவில், சொன்னபடியே நின்றது. அது வாக்கெடுப்பில் பிறந்ததன்று. எனினும் நோக்கமும் அளவும் முடிவு நாளும் சொல்லி வரி விதிக்க நம் அரசுகளால் இயலும் என்பதற்கு அது சாட்சி.

மூன்றாவது மறுப்பு எனக்கு எல்லாவற்றிலும் கடினமானது. நிலப் பாதுகாப்பு என்றால் அமெரிக்காவில் விற்க விரும்புபவரிடம் சந்தை விலைக்கு வாங்குவது. (அந்த நிலம் அதற்கு முன் பழங்குடிகளிடமிருந்து எவ்வாறு பறிக்கப்பட்டது என்பது எந்த வாக்குச்சீட்டிலும் வராத கேள்வி.) இங்கே பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் காட்டில் வாழ்பவர் அஞ்சுகிறார், அது அவரை வெளியேற்றும் ஆணையாகவே பலமுறை வந்திருக்கிறது. நகரத்துப் பெரும்பான்மை வாக்களித்து, வரி கொடுத்து, மலைவாழ் சிறுபான்மையின் நிலத்தைக் காப்பாற்றப் புறப்பட்டால் என்னவாகும்?

இதற்கு விடை, யாரைக் கேட்பது என்பதில் இருக்கிறது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டுவது குறித்த முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. ஒடிசாவின் ராயகடா, களஹண்டி மாவட்டங்களில் கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும், டோங்ரியா கோந்த் மக்கள் முன்னின்று, வேண்டாம் என்றன. நிலத்தைக் காப்பது பற்றி இந்திய மண்ணில் நடந்த நேரடி மக்கள் தீர்ப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்வேன். அவர்கள் பணத்தால் வரி செலுத்தவில்லை. வந்திருக்கக்கூடிய வேலையையும் இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தார்கள். அது எந்த விற்பனை வரியைவிடவும் பெரிய தொகை. இயற்கைக்காக இழக்க இந்தியர் ஆயத்தமாக இல்லை என்பவர்கள் அந்தப் பன்னிரண்டு ஊர்களின் பெயர்களையேனும் படித்துப் பார்க்கலாம்.

ஆகவே நான் முன்வைப்பது தேசிய அளவிலான பொது வாக்கெடுப்பை அன்று. நம் அரசமைப்பில் வரிக்கு அதற்கு இடமில்லை; சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கக் கூடாது என்ற 265ஆம் உறுப்பு சட்டமன்றங்களையே நோக்குகிறது. ஆனால் 243எச், 243எக்ஸ் உறுப்புகளின்படி ஊராட்சிகளும் நகராட்சிகளும் வரி விதிக்க மாநிலச் சட்டமன்றங்கள் அதிகாரம் அளிக்கலாம். அந்த வாயில் திறந்தே இருக்கிறது. ஒரு மாநிலம் சட்டம் இயற்றலாம்: ஏரி, புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், நகர்ப்புறக் குன்று போன்றவற்றைப் பாதுகாக்கச் சொத்து வரியின் மீது சிறு மேல்வரி, உள்ளாட்சித் தேர்தலுடன் சேர்த்து மக்களின் ஒப்புதல் பெற்றால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும், பத்தாண்டு முடிந்தால் மீண்டும் கேட்க வேண்டும், சிறு வீடுகளுக்கு விலக்கு, ஏழை ஊர்களுக்கு மாநிலத்தின் இணைத்தொகை, விற்க விரும்புபவரிடம் மட்டுமே கொள்முதல், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரப்பட்ட இடத்தில் அந்தக் கிராம சபையின் இசைவின்றி ஒரு செடியும் நடக் கூடாது. ஆண்டுதோறும் வரவு செலவைக் கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும் படித்துக் காட்ட வேண்டும்.

சில ஊர்கள் மறுக்கும். மறுக்கட்டும். மறுத்த ஊரில் அடுத்த முறை கேட்க வருபவர் ஏன் மறுத்தார்கள் என்று அறிந்துகொண்டு வருவார். ஏற்ற ஊரிலோ, ஏரிக்கரையில் குப்பை கொட்ட வரும் லாரியை நிறுத்துவதற்கு ஒரு புதிய காரணம் இருக்கும்: இது என் வீட்டு வரியில் மீட்ட கரை.

நிதித்துறைக்கு இது சிறு தொகை என்று தோன்றலாம். 86 ஆயிரம் கோடியுடன் ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் அந்தப் பெருந்தொகைக்குக் காவல் இருந்ததில்லை. தொகை சிறிதாயினும் கேட்டுப் பெற்றால், காவலும் அதனுடனேயே வந்துவிடுகிறது. இதில் உடன்படாத நண்பர்கள், குறிப்பாக உள்ளாட்சிகளில் பணியாற்றியவர்களும் வன உரிமைக்காக உழைப்பவர்களும், எங்கே இது உடையும் என்று எழுதினால் நன்றியுடன் படிப்பேன்.